ஆறு மணி பத்து நிமிடம்

டேப்லெட் ஒலித்தபோது அவன் அப்பாவின் கட்டிலிலிருந்து விரிப்பை உருவிக்கொண்டிருந்தான். மயானத்திலிருந்து திரும்பி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஹாலில் அக்கா, வந்தவர்களுக்கு அப்பாவின் கடைசிக் காலையை ஐந்தாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பல் தேய்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

வியாழக்கிழமை, நான்கு மணி. தூக்கத்துக்கான சிகிச்சை.

அப்பாவின் இதயம் பலவீனமாகித் தூக்கமும் போனபோது, மாத்திரை வேண்டாம், வீட்டிலிருந்தே பயிற்சி எடுக்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்தச் சிகிச்சையில் சேர்த்துவிட்டார்கள். வாரம் ஒரு தடவை ஆலோசகர் வீடியோவில் பேசுவார். தினமும் காலையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள். நாற்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவருக்கு எந்த ஒயர் எங்கே போகிறதென்று கண்ணைக் கட்டினாலும் தெரியும். ஆனால் டேப்லெட்டில், அழைப்பை எடுக்கும் பச்சைப் பொத்தானைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். "நீயே போட்டுடுப்பா," என்றார்.

முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் போட்டான். இரண்டாம் வாரம் கிடங்கில் ஷிப்ட் மாறியது. அதற்கப்புறம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே செல்போனில் தன் இஷ்டத்துக்கு நிரப்பினான். மொத்தத் தூக்கம் ஆறு மணி பத்து நிமிடம். மறுநாள் ஆறு இருபது. ஐந்துக்குக் கீழே போட்டால் வீட்டாரைக் கூப்பிட்டு இருபது நிமிஷம் விசாரிப்பார்கள்; ஒரு தடவை பட்டிருந்தான்.

ஒலி நிற்கவில்லை. கதவைச் சாத்தப் போனான். கதவுக்குப் பின்னாலிருந்த முக்காலி இடித்தது. தள்ளிவிட்டுச் சாத்தினான். வந்து பச்சைப் பொத்தானைத் தொட்டான்.

சிரித்தபடி திரையில் வந்த பெண்ணின் முகம் அவனைப் பார்த்ததும் மாறியது.

"அப்பா இல்லீங்களா?"

"இல்லீங்க." வெளியே போயிருக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டது புரிந்து, "நேத்து காலைல தவறிட்டாரு," என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, "ஒரு நாள்கூட விடாம ஃபார்ம் போட்டீங்க," என்று தொடங்கினாள்.

பாராட்டிவிடுவாளோ என்ற பயத்தில் அவன் முந்திக்கொண்டான். "மேடம், அந்த நம்பரெல்லாம் நானா போட்டது. அவர்கிட்ட கேக்கவே இல்ல."

"தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மூணாவது வாரமே தெரியும். நல்லாத் தூங்குறவங்ககூட இவ்வளவு ஒழுங்காத் தூங்க மாட்டாங்க. அவர்கிட்டயே கேட்டேன். சிரிச்சாரு. 'அவன ஒண்ணும் கேக்காதீங்கம்மா, அவனே தூக்கமில்லாம ஓடிட்டிருக்கான். நான் வாயால சொல்றேன், எழுதிக்குங்க'ன்னாரு." ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"நிஜத்துல எவ்வளவு தூங்கினாரு?"

"ஆரம்பத்துல ரெண்டரை மணி நேரம். போன வாரம் நாலே முக்கால். அவ்வளவு பெருமையா சொன்னாரு. தூக்கம் வரலைன்னா படுக்கையில புரளாதீங்க, எழுந்து வந்து ஹால்ல உக்காருங்க, கண்ணு சொக்கினாத்தான் திரும்பப் படுக்கணும்னு சொல்லியிருந்தோம். நெறைய பேர் செய்ய மாட்டாங்க. அவர் அப்படியே செஞ்சாரு."

அவன் விரிப்பை மடியில் சுருட்டினான். பத்து நாள் முன்னால் தண்ணீர் குடிக்க எழுந்தவன், ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கத்தியிருந்தான். "பேய் மாதிரி உக்காந்து ஏன்ப்பா உயிர வாங்குறீங்க? போய்ப் படுங்க. மனுஷன் காலைல வேலைக்குப் போக வேணாமா?" இது சிகிச்சை என்று அப்பா சொல்லவில்லை. "சரிப்பா," என்று எழுந்து போனார். அதற்கப்புறம் அவர் ஹாலில் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்த முக்காலியைப் பார்த்தான். அதற்கப்புறம் ராத்திரிகளில் இதில்தான் உட்கார்ந்திருப்பார்; முதுகு சாய்க்க அதில் ஒன்றும் இல்லை.

"நான் ஒழுங்கா போட்டிருந்தா..."

"அது இதயத்தோட விஷயம். இந்த நம்பரால ஒண்ணும் ஆகல."

தான் கேட்க நினைத்தது அதுவல்ல என்று தோன்றியது. எதைக் கேட்க நினைத்தான் என்பதும் தெரியவில்லை.

"என்னைப் பத்தி வேற எதாவது சொன்னாரா?"

"உங்க ஷிப்ட் எப்ப மாறும்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. என்கிட்ட! எனக்கு எப்படித் தெரியும்?" சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது, அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் நான்கு மாடி ஏறிய மூச்சிரைப்போடு உட்கார்ந்திருந்தார். அக்கா அவனைக் காட்டினாள்.

"தம்பிதான் கூடவே இருந்து பாத்துக்கிட்டான். தினம் காலைல அப்பா பக்கத்துல உக்காந்து, எவ்வளவு தூங்கினீங்க, எத்தன தடவ முழிச்சீங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதுவான். ரெண்டு மாசமா ஒரு நாள் தவறல. அப்பாவே போன்ல எனக்குச் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாரு."

"அக்கா, அது..."

"சும்மா இருடா. செஞ்சதச் சொன்னா என்ன?"

பெரியவர் தன் இரண்டு கைகளாலும் அவன் கையைப் பற்றிக்கொண்டார். "பெத்தா உன்ன மாதிரிப் பெக்கணும்யா."

அவருடைய நகக்கண்களில், ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் போகாத கிரீஸ் கறுப்பாகப் படிந்திருந்தது. அவன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். அவர் விடவில்லை.