சூசையப்பரிடம் வாபஸ் வாங்கிய மனு

சவரிநாதன் நல்மரணம் கேட்க ஆரம்பித்தது, மனைவி வியாகுலம்மாள் இறந்த வருஷம். ராயபுரம் கோயிலில் புதன்கிழமை தவறாமல், நல்ல சாவுக்குக் காவலரான சூசையப்பருக்கு ஒரு மெழுகுவத்தி. படுக்கையில் கிடக்காமல், யாருக்கும் பாரமாகாமல், பொசுக்கென்று போய்விட வேண்டும். இருபது வருஷத்தில் அவர் கொளுத்திய மெழுகை உருக்கியிருந்தால் சூசையப்பருக்கு ஆளுயரத்தில் ஒரு தம்பியே செய்திருக்கலாம்.

இந்த ஜூன் மாதம் மகன் மேத்யூவுக்கு வேலை போனது. அப்பா துறைமுகத்தில் ஓட்டிய மாதிரியே அவனும் கிரேன்தான் ஓட்டினான். ஆனால் காட்டுப்பள்ளிப் பக்கம், ஒப்பந்தக்காரரிடம், ஓய்வூதியம் கிடையாது. ஐம்பத்து நாலு வயதாகிவிட்டதென்று நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கோ எண்பது தாண்டியதற்காகவே ஓய்வூதியம் ஏறியிருந்தது. பேத்தி சுஜாவின் நர்சிங் படிப்பு முதல் அடுப்பு வரை இப்போது அதில்தான் ஓடியது.

தமக்குப் பிறகு அதை மகனுக்கு மாற்ற முடியுமா என்று பென்ஷன் ஆபீஸ் கவுண்டரில் கேட்டார். இருபத்தைந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் சொல்லுங்கள் என்றார் குமாஸ்தா, மரியாதையாகவே. எண்பத்தோரு வயதில் அதற்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று சவரிநாதன் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் தும்மினால் மருமகள் ஜானட் ஆட்டோ கூப்பிட்டாள். ஒரு தரம் ஆட்டோ வந்து நின்ற பிறகுதான், தும்மியது பக்கத்து வீட்டுப் பூனை என்று தெரிந்தது. கடைசியில் அவளே தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மாமா, அந்த புதங்கெழம வேண்டுதல வாபஸ் வாங்கிடுங்க."

"குட்த்த மனுவ எப்டிம்மா வாங்கறது?"

"குட்த்தது நீங்கதான? சொன்னா கேட்டுப்பாரு."

மேத்யூவோடு போனார். இரண்டு பேரும் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். முழங்காலில் நின்று, மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சூசையப்பரிடம் முறைப்படி தெரிவித்தார் சவரிநாதன். இருபது வருஷமாகக் காதில் வாங்காதவர் இதையும் வாங்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வதென்று எழுந்திருக்கும்போதுதான் தோன்றியது.

வெளியே வந்ததும் மகனைக் கேட்டார்.

"நீ இன்னாடா கேட்ட?"

"உனுக்கு ஆயுசு கேட்டேன் நைனா."

"எத்தினி வருசம்?"

மேத்யூ குனிந்து செருப்பை மாட்டினான். மாட்டி முடிக்க வெகுநேரம் ஆனது.

"சுஜா படிச்சி முடிக்கிற வரிக்கும். ரெண்டு வருசம்."

கிழவருக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டிருந்தாலும் அவ்வளவுதான் கேட்டிருப்பார்.

"அப்பால?"

கடக்க வேண்டிய சாலையில் கண்டெய்னர் லாரிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. மேத்யூ அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். பிடித்திருப்பது அப்பனையா பென்ஷனையா என்று கேட்க வாயெடுத்தார் சவரிநாதன். மகன் லாரிகளுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான். கேட்காமல் நின்றார். லாரிகள் வந்துகொண்டே இருந்தன.