பந்தியில் வைத்த பாகற்காய்

எங்கள் பக்கத்தில் பாகற்காய் பந்தி இலையில் ஏறுவது கருமாதி அன்றைக்குத்தான். மற்ற நாளில் வீட்டுக்குள் ஆக்கித் தின்பார்கள், அது வேறு. நல்ல காரியத்துக்கு வந்தவன் இலையில் அதை வைத்தால், நீ செத்துப் போ என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. என் தங்கை பாண்டியம்மாளுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் வைத்தாள். அதற்காக நான் அவள் கையை ஒடித்தேன்.

எண்பத்தொன்றாம் வருஷம், வைகாசி மாதம். ஒத்தக்கடையில் அவள் மகள் ஜெயக்கொடிக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். சமயநல்லூரிலிருந்து கொட்டு மேளத்தோடு சீர் கொண்டுபோய் இறக்கினேன். என் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொண்டது. பெற்றவர்கள் போன பிறகு பாண்டியம்மாளைத் தூக்கி வளர்த்தவன் நான். கூடப் பிறந்தது என்று எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

ஒரு விஷயத்தை நான் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டர் என் ரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்து, சோற்றைக் குறை, கேப்பையும் கீரையும் பாகற்காயும் நிறையச் சாப்பிடு என்றார். நாலு ஊர் வாடிவாசலில் மாடு அணைந்தவனுக்கு வியாதியா? வெளியே தெரிந்தால் மீசை எதற்கு?

என் பெண்டாட்டி இருளாயி அன்றைக்கே பாகற்காய் வறுத்து வைத்தாள். வட்டிலோடு முற்றத்தில் எறிந்தேன். மறுநாளும் வைத்தாள், மறுநாளும் எறிந்தேன். மூன்றாம் நாள் அவளையும் அறைந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அவள் பஸ் ஏறிப் போய், "நீ வச்சா உங்கண்ணன் திம்பாரு" என்று பாண்டியம்மாளிடம் அழுதிருக்கிறாள். அது அப்போது எனக்குத் தெரியாது.

காதுகுத்து முடிந்து கறிச்சோற்றுப் பந்தி. முதல் இலை எனக்கு. பாண்டியம்மாள் உள்ளேயிருந்து சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்து வந்து, குனிந்து, கறிக்கு முன்னால் அதை வைத்தாள். வெங்காயம் போட்டு வறுத்த பாகற்காய்.

"பேசாமத் தின்னுண்ணே. ஒனக்காகத் தனியா வறுத்தேன்" என்றாள் என் காதோடு.

பக்கத்து இலையில் என் பங்காளி முத்திருளன். அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னண்ணே, பாகக்கா விழுகுது? ஒனக்கு இன்னைக்கே கருமாதியா?" என்று சத்தமாகக் கேட்டான். பந்தி முழுக்கச் சிரித்தது.

எனக்கு வியாதி, அதனால்தான் வைத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுக் கறியைத் தின்றிருப்பார்கள். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

எழுந்து இலையை மிதித்தேன். அவள் கை இன்னும் கிண்ணத்தில்தான் இருந்தது. அந்தக் கையைப் பிடித்து முறுக்கினேன். "என்னைய உசுரோட கருமாதி பண்ணுறியாடி?" என்று கத்தினேன். மணிக்கட்டில் சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. அவள் கத்தக்கூட இல்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"மச்சான், கைய விடு!" என்று ஓடி வந்தான் அவள் புருஷன் காளை. கொதிக்கிற குழம்பு வாளியைத் தூக்கி அவன் மேல் வீசினேன். தோளும் நெஞ்சும் வெந்து அவன் அலறினான். அவனுடைய ஆட்கள் விறகுக்கட்டையோடு வந்தார்கள். ஒருவன் பல்லை உடைத்தேன், இன்னொருவன் என் விலாவில் போட்டான். என்னைச் சமையல் பந்தலுக்குள் இழுத்துக்கொண்டு போனபோது, கறி அரிந்துவிட்டு மடக்காமல் வைத்திருந்த அரிவாள்மனை மேல் என் வலது கால் ஏறியது. பாதம் இரண்டாகப் பிளந்தது. ஜெயக்கொடி புதுத் தோட்டோடு ஒரு மூலையில் நின்று, "மாமா, மாமா" என்று வீறிட்டுக்கொண்டிருந்தது.

புண் ஆறவில்லை. பத்தே நாளில் நாற்றம் எடுத்தது. ஆஸ்பத்திரியில் தினமும் சுரண்டினார்கள், நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தையாகப் பேசினேன். பிறகு இரண்டு விரலை எடுத்தார்கள். "அடுத்தது முழங்கால்" என்றார் டாக்டர்.

ஊசியும் போட்டார்கள், பாகற்காயும் வந்தது. பழைய பழக்கத்தில் வட்டிலைத் தட்டிவிட்டேன். இருளாயி தரையில் கிடந்ததைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, காலி வட்டிலால் என் வாயிலேயே ஒன்று போட்டாள். உதடு கிழிந்தது.

"இன்னொருக்கா எறி, மண்டையப் பொளக்குறேன். என்னைய அடிச்ச, சரி. ஒந்தங்கச்சி கைய ஒடிச்சயே, அதுக்காகவாச்சும் தின்னு சாவு" என்றாள்.

ரத்தத்தோடு சேர்த்துத் தின்றேன். முதல் மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். இரண்டாம் மாதம் மெல்லத் தொடங்கினேன். சின்ன வெங்காயத்தோடு, ஓரம் மொறுமொறுவென்று ஆகும் வரைக்கும் வறுத்தால் அதில் ஒரு ருசி இருக்கிறது. கசப்பு முதலில் அதட்டும், பிறகு கூடவே உட்கார்ந்துகொள்ளும். நாலாம் மாதம் இருளாயி வட்டிலில் இருந்ததையும் எடுத்துத் தின்றேன். வீட்டுக்குப் பின்னால் நானே பந்தல் போட்டுக் கொடி ஏற்றினேன். கால் தப்பியது.

ஒவ்வொரு வாய்க்கும் அந்தக் கிண்ணம்தான் நினைவுக்கு வந்தது. இம்புட்டு ருசியாகத்தானே அன்றைக்கும் வறுத்திருப்பாள். நான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லையே.

ஒரு வருஷம் கழித்து, ஒரு பை நிறையக் காய் பறித்துக்கொண்டு கம்பு ஊன்றி ஒத்தக்கடைக்குப் போனேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். காளை என்னைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். கழுத்துக்குக் கீழே தோல் சுருங்கிக் கிடந்தது.

"வாங்க" என்றாள் பாண்டியம்மாள்.

அவள் ஒரு நாளும் என்னை வாங்க என்று சொன்னதில்லை. 'வாண்ணே' என்றுதான் சொல்லுவாள்.

பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். தலைவாழை இலை போட்டாள். அவள் வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது, கரண்டி பிடிக்கத் திரும்பவில்லை. இடது கையால் பரிமாறினாள். நெய்ச்சோறு, கறி, ஈரல், முட்டை, அப்பளம். இலை நிறைந்தது. நான் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாண்டி, பாகக்கா வறுக்கலையா? இப்ப எனக்கு அதுதான் பிடிக்குது" என்றேன்.

அவள் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு யாராச்சும் பாகக்கா வைப்பாகளா? சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, டம்ளர் நிறையப் பாயசம் ஊற்றி வைத்தாள். என் வியாதி அவளுக்குத் தெரியும். முழுவதையும் குடித்தேன்.