எந்தப் பால்?

ஆம்பூர் தோல் கிடங்கில் செண்பகத்துக்கு அன்றுதான் முதல் நாள். கைக்குழந்தைக்காரி என்று தெரிந்தால் துரத்திவிடுவார்களோ என்ற பயத்தில், பிள்ளையை வெளியே புங்கமரத்துத் தூளியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். அது நேரங்கெட்ட நேரத்தில் வீறிட்டது. அப்போது பார்த்து அவளைக் கடந்துபோன மேஸ்திரி தஸ்தகீர் சாயபு, "மொதல்ல பாலைப் பாரும்மா, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

செண்பகம், இந்த மகராசன் நல்லா இருக்கணும் என்று மனதார வாழ்த்திக்கொண்டே ஓடிப்போய்ப் பிள்ளையைப் பசியாற்றினாள்.

திரும்பி வந்தால், தோலிலிருந்து வழித்துப்போட்ட, அவள் அள்ளவேண்டிய ஆட்டு முடி மலையாய்க் குவிந்து கிடந்தது. சாயபு எகிறிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, சொன்னது காதுல வுழல?"

"நீங்கதானே சாயபு, பிள்ளைக்குப் பாலைப் பாருன்னீங்க?"

தோல் வழித்துக்கொண்டிருந்த ஞானமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அவங்க உருது பாஷையில பால்னா முடி, அக்கா! எங்க சர்ச்சுல கேட்டா, பாதிரியாரு பேரே பால்!"

பிள்ளை இருப்பதைத் தானே உளறிவிட்டோமே என்று செண்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாயபு வெளியே எட்டிப் பார்த்தார். தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தாடியைத் தடவியபடி போய்விட்டார்.

மறுநாள், பிள்ளை அழுவதற்கு முன்பே, "செண்பகம், பால்!" என்று கிடங்கே அதிர அவர் குரல் கேட்டது. கூடையோடு முடிக் குவியலுக்கு ஓடியவளை மறித்து, மரத்தைக் கை காட்டினார்.

"எங்க பால் இல்லம்மா," என்றார் எரிச்சலாக. "உங்க பால்."