மூன்றாவது பதில்

சத்யபிரியாவின் கல்யாணப் பத்திரிகையில் தகப்பனார் பெயரை அடித்ததும், வழக்கம்போலத் திரையில் சின்னக் கட்டம் முளைத்தது. 'இருக்கிறாரா?' கீழே இரண்டு பொத்தான்கள். ஆம், இல்லை.

கேள்வியை எழுதியவன் நான்தான். பாளையம்பட்டியில் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் கடை என்னுடையது. கடைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற எடிட்டரும் நானே எழுதியது. அதன் உடம்பு சின்னது. எழுத்தை வாங்கும், காட்டும், அவ்வளவுதான். மற்ற வேலைக்கெல்லாம் லுவா மொழியில் துண்டு துண்டாக நிரல் எழுதி, தேவைப்படும்போது சேர்த்துக்கொள்வேன். இந்தக் கட்டம் வந்த கதை கேவலமானது. பழைய பத்திரிகையின் மேலேயே பெயரை மாற்றி அடித்ததில், நரிக்குடிக்காரர் ஒருவரின் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' தங்கிவிட்டது. அச்சாகி ஊரெல்லாம் போனபின் அவரே பஸ் ஏறி வந்து, "ஏப்பா, எனக்குக் கருமாதி என்னைக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு 'இல்லை' என்று அழுத்தினால்தான் அந்த வார்த்தை ஒட்டும்படி எழுதிவைத்தேன்.

சத்யபிரியாவின் தகப்பனார் என் அண்ணன் கருத்தப்பாண்டி. போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போனவர். மூன்று வருடமாகப் பேச்சுமில்லை, மூச்சுமில்லை. போலீசுக்குப் போய்ப் பார்த்தோம், குறி கேட்டும் பார்த்தோம். முதல் வருடம் போன் அடித்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது ஒன்றும் அடிப்பதில்லை.

பக்கத்து நாற்காலியில் ஆவுடைத்தாய் மதினி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

"மாப்பிள்ள வீட்டுல கேக்குறாக தம்பி, தெய்வத்திரு போடுறியளா இல்லையான்னு. போட்டா நான் மேடையேற முடியாது. போடலேன்னா, ஆளு எங்கன்னு மண்டபத்துலயே கேப்பாக."

"நீங்க சொல்லுங்க மதினி."

"அவுக திரும்பி வந்து இந்தப் பத்திரிகையப் பாத்தா?"

மதினி அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை, வந்திருந்தால் தேவலை. உடன்பிறந்தவன் எனக்கு ஒரு பொத்தானை அழுத்தத் துப்பில்லை. நிரலைத் திறந்து மூன்றாவதாக ஒரு பதிலைச் சேர்த்தேன். அதற்கு இரண்டே வரிதான் ஆனது. எடிட்டரை நிறுத்தாமல் ஓடும்போதே சேர்க்கலாம், நான் எழுதியதிலேயே உருப்படியான விஷயம் அது. கட்டம் மறுபடி வந்தது. ஆம், இல்லை, தெரியாது.

"மூணாவத அழுத்துனா என்ன வரும்?" என்றார் மதினி.

அதை நான் எழுதியிருக்கவில்லை. என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மதினி மவுஸைப் பிடித்ததே இல்லை. அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவதுபோல முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அதன்மேல் வைத்தார். அம்புக்குறி 'ஆம்' மேல் ஏறியது, 'இல்லை'யைத் தாண்டியது, 'தெரியாது' வரை போனது. பிறகு கட்டத்தை விட்டு வெளியேறி அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றது. மதினி அதன்பிறகு கையை எடுக்கவும் இல்லை, அசைக்கவும் இல்லை.