எத்தனை முறை தட்டினான்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு நாவல் எதற்கு என்று கேட்டவர்களிடம் அவன் ஒரே பதிலைத்தான் சொல்லுவான்: "ரெண்டுமே பாதியில நின்னாதான் தலைவலி."

அவனுடைய நாவல் பாதியில் நிற்கவில்லை. முந்நூறு பக்கத்தில், முடிவுக்குப் பத்துப் பக்கம் முன்னால் ஒரு பக்கம் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டே இருந்தது.

தினமும் காலை ஐந்தரைக்கு எழுத உட்காருவான். முதல் வேலை, நேற்று எழுதிய கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே மறுபடி தட்டச்சு செய்வது. நீளம் தாண்டுகிறவன் கோட்டில் நின்றபடியே தாண்டிவிட முடியாது. பின்னால் போய் ஓடிவர வேண்டும். அந்த ஓட்டம்தான் இது. இன்னொரு லாபமும் உண்டு. பார்க்காமல் அடிக்கும்போது வெறும் அலங்கார வாக்கியம் தானாகவே உதிர்ந்துவிடும். கை மறக்காதது மட்டும் மிஞ்சும்.

எழுதியதை விற்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை. முதல் இரண்டு பதிப்பகங்களுக்கு முழுக் காகிதக் கட்டையும் தூக்கிக்கொண்டு போனான். கிணற்றில் போட்ட கல். மூன்று அத்தியாயமும் ஒரு பக்கச் சுருக்கமும் அனுப்பினால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சுருக்கத்திலும், "முடிவைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சாமர்த்தியமாக எழுதி நான்கு பேருக்கு அனுப்பினான். கதையை எங்கே கொண்டுபோய் முடிக்கிறான் என்று தெரியாமல் எவரும் காசு போடமாட்டார்கள். ஏழாவது பதிப்பகத்துக்கு முடிவையும் சேர்த்து எழுதினான். அங்கிருந்த எடிட்டர் அம்மாள் முழு நாவலையும் கேட்டு வாங்கினாள்.

அவள் போன் செய்தபோது அவன் ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தான்.

"சார், இருநூத்தித் தொண்ணூறாவது பக்கம். அண்ணன்கூட சண்டை போட்டுட்டுப் போன தம்பி சாயங்காலம் திரும்பி வரான். மழை கொட்டுது. கதவு சும்மா சாத்திதான் இருக்கு, தாழ் போடலைன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் ஏன் உள்ள வராம திரும்பிப் போறான்?"

"ரோஷக்காரன் மேடம்."

"பசி வந்தா ரோஷத்தை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கறவன்னு நாப்பதாவது பக்கத்துல நீங்கதானே எழுதினீங்க? அவன் போய் லாரியில அடிபடணும். அதுக்காக அவனைத் திருப்பி அனுப்புறீங்க. இவ்வளவு தூரம் உங்களை நம்பி வந்துட்டேன். இங்க மட்டும் எதையோ மறைக்கறீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. இல்லேன்னா இந்த வருஷம் அந்த இடத்துல வேற புத்தகம்தான்."

அவன் போனை வைத்துவிட்டு, கீழே நின்றுபோயிருந்த லிஃப்டைப் பற்றி யோசித்தான். ஒவ்வொரு மாடிக் கதவிலும் சிறிய மின் தொடுப்பு ஒன்று இருக்கும். எல்லாக் கதவும் ஒழுங்காக மூடினால்தான் மின்சாரம் சுற்றி வரும். ஒரே ஒரு கதவு மூடியதுபோல் நடித்தாலும் போதும், பெட்டி நகராது. எந்த மாடி என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். நாவலில் எந்தக் கதவு என்று தேட வேண்டியதில்லை. அவனுக்குத் தெரியும். அதுதான் கொடுமை.

நிஜத்தில் கதவு தாழிட்டிருந்தது. தாழிட்டது அவன்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், 'நனையட்டும், அப்பதான் புத்தி வரும்' என்று போட்ட தாழ். தம்பி இரண்டு முறை தட்டினான். அவன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். காய்ச்சல் மாத்திரை போட்டிருந்த அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றே லாரியில் அடிபட்டுச் செத்த தம்பி வீடு வரைக்கும் வரவேயில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அன்றிலிருந்து அம்மா பகலில் வாசல் கதவைத் தாழ் போட விடமாட்டாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

உண்மையை எழுதினால் புத்தகம் வரும். வந்தால், மருந்துச் சீட்டைக்கூட விடாமல் படிக்கிற அம்மா அதையும் படிப்பாள்.

புதன்கிழமை காலை அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் அடித்தான். முடித்துப் பார்த்தால் கதவில் தாழ் விழுந்திருந்தது. அடுத்த வரியில், 'மூன்று முறை தட்டினான்.'

இரண்டோடு காதைப் பொத்தியவனுக்கு மூன்று எப்படித் தெரியும்? இரண்டு என்று திருத்தினான்.

வியாழக்கிழமை காலை மறுபடி அடித்தான். விரல்களையே கவனித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். மூன்று. அறையில் யாரோ நனைந்த துணியோடு நிற்பதுபோல ஈர வாடை அடித்தது. எழுந்து ஜன்னலைப் பார்த்தான். வெளியே உலர்ந்த வெயில். மறுபடி இரண்டாக்கி, அச்செடுத்து, சமையலறைக்குக் கொண்டுபோனான். அம்மா கடையில் வாங்கிப் படிப்பதற்கு முன்னால் தன் கையாலேயே கொடுத்துவிடலாம்.

அம்மா கத்தரிக்காயையும் கத்தியையும் ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். "எழுத்து ஏண்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு? பெருசா அடிச்சா மிஷின் தேஞ்சா போயிடும்?"

விரல் வரிவரியாய் இறங்கியது. ஓரிடத்தில் நின்றது.

"ரெண்டு இல்லடா. மூணு."

"அம்மா?"

"மொத ரெண்டும் பலமா தட்டினான். மூணாவது மெதுவா. யாரையும் எழுப்பிடக் கூடாதுங்கற மாதிரி."

"நீ தூங்கலையா?"

"முழிச்சிட்டுதான் இருந்தேன். நீ எழுந்து தொறப்பேன்னு படுத்திருந்தேன். அண்ணன் தம்பி சண்டையில நடுவுல நான் போனா ரெண்டும் சேர்ந்து முறுக்கிக்கும். நீங்களே பேசித் தீத்துக்குவீங்கன்னு..." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "தட்டல் நின்னுது. நீ தொறந்துட்டேன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ சொன்னியா?"



அம்மா தாளை அவன் பக்கம் தள்ளினாள். "இதுல என்னைத் தூங்க வெச்சுட்டே. அது பொய். எழுப்பி எழுது."

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு உட்கார்ந்தான். கதவில் தாழ். அண்ணன் போர்வைக்குள். உள்ளறையில் அம்மா கண்ணைத் திறந்துகொண்டு. வாசலில் மூன்று தட்டல், மூன்றாவது மெதுவாக. ஒரு எழுத்தைக்கூட அழிக்காமல் எடிட்டருக்கு அனுப்பினான்.

அனுப்பி முடித்த நொடியில் வீடு முழுக்க ஒரு நிசப்தம். எதுவும் தட்டவில்லை. அவன் சத்தியம் செய்வான், எதுவுமே தட்டவில்லை.

ஆனாலும் அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கூடத்துக்கு வந்தபோது அம்மாவும் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஒருவரையொருவர் எதுவும் கேட்டுக்கொள்ளாமல், இருவரும் சேர்ந்து போய்த் தாழை நீக்கினார்கள்.