ஊன்றிய கால்

வலைக்கு இருபுறமும் நின்று காலால் பந்தை உதைத்து ஆடும் செப்பாக் தக்ரோவில், பந்தைத் தொடங்கி வைப்பவரைத் தெகோங் என்பார்கள். தரையில் வரைந்த சின்ன வட்டத்துக்குள் ஒரு காலை ஊன்றி நிற்பார். கூட்டாளி பந்தைத் தூக்கிப் போட்டதும், மற்றக் காலைத் தலைக்கு மேல் வீசி வலைக்கு அந்தப் பக்கம் அடிப்பார். ஊன்றிய கால் வட்டத்தை விட்டு நகரக் கூடாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

திவாகர் அண்ணன் தெகோங். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சம்பளத்துக்கு ஆடும் அளவுக்குப் போனவர். நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது, அப்பா அவர் ஆட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் என்னை அழைத்துப் போவார். பின்னாளில் அண்ணன் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். எங்கள் தாமான் குடியிருப்பிலேயே வீடு. கடையில் என்னைப் பார்த்தால், "என் ஃபேன் வந்துட்டான், சுவிட்ச போடுங்கலா" என்று கத்துவார்.

போன புதன்கிழமை, செங் என்ற ஊரில் வேலை முடிந்து மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது, அவர் மனைவி திலகவதி அக்கா அழைத்தார். அண்ணனுக்கு இனிப்பு நீர் வியாதி. இடது பாதம் அழுகிவிட்டது. உடனே பாதத்தை எடுத்தால் அதோடு போகும், தள்ளிப்போட்டால் மேலே ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணன் கையெழுத்துப் போட மறுக்கிறார்.

"நீ சொன்னா கேப்பாரு தம்பி. அவரு ஆட்டத்த ஞாபகம் வச்சிருக்கிறது இப்ப நீ ஒருத்தன்தான்."

வகுப்புக்குப் போகவில்லை. சமிக்ஞை விளக்குகளில் நின்ற நேரமெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒரு வாக்கியம் கிடைத்தது. நல்ல வாக்கியம் என்றுதான் பட்டது.

வார்டில் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். துணியையும் மீறி வாடை வந்தது.

"கிளாஸ் இல்லையா ஒனக்கு?"

"இன்னிக்கு லீவு ண்ணே."

"பொய் சொல்லவும் தெரியல. இதுல அக்கௌண்டிங் வேற படிக்கிற."

நேரே விஷயத்துக்கு வரத் தைரியம் இல்லாமல், கோலா சுங்கை பாருவில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பேச ஆரம்பித்தேன். மண்டபக் கூரை ஒழுகியது, தரையைக் கைலியால் துடைத்துத் துடைத்து ஆடினார்கள். அண்ணன் அடித்த பந்துக்கு எதிராளி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் வலது கால் மேலே போனபோது அப்பா என் தோளைப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது என்றேன்.

அண்ணன் சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பெரியவரிடம் மலாயில் பெருமையாக ஏதோ சொன்னார். அக்கா பின்னால் நின்று எனக்குக் கண் காட்டினார். கையில் படிவம்.

நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "எடது கால்தானே ண்ணே? அடிக்கிற கால் அப்படியே இருக்கே."

அவர் சிரிப்பு நின்றது.

"நான் எந்தக் கால்ல நின்னேன் தம்பி?"

"எடதுலதான் ண்ணே."

"அத பாத்தியா நீ?"

நான் அக்கா கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன்.

"எல்லாரும் ஒதைக்கிறதத்தான் பாப்பானுங்க. நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்." அக்காவிடம் திரும்பி, "அந்தப் பேப்பர உள்ள வையி" என்றார். பிறகு என்னிடம், "போ, கிளாசுக்குப் போ. லேட்டானாலும் உள்ள விடுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்த ஆட்டத்தின் வீடியோவைத் தேடினேன். யாரோ பழைய கேமராவில் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்களின் தலைகள் அண்ணனை இடுப்பு வரை மறைத்திருந்தன. வலது கால் மட்டும் அந்தத் தலைகளுக்கு மேலே எழும்பி எழும்பி இறங்கியது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வோர் ஆட்டமாக நினைவிலும் தேடினேன். இடது கால் எங்குமே இல்லை.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. அக்காதான் கையெழுத்துப் போட்டார். அதற்குள் பாதம் என்ற பேச்சே இல்லை. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

நான் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் புதன்கிழமையே கையெழுத்துப் போட்டிருப்பாரா? போட்டிருக்க மாட்டார் என்கிறார் அக்கா. என்னைத் தேற்றச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

நேற்று போனேன். போர்வை இடது பக்கம் கட்டிலோடு படிந்து கிடந்தது. நான் பார்க்காத மாதிரி இருக்க முயன்றேன். அதையும் அவர் கவனித்தார்.

"கோலா சுங்கை பாரு கதைய சொல்லு தம்பி."

கூரை ஒழுகியதைச் சொன்னேன். கைலியால் துடைத்ததைச் சொன்னேன்.

"அப்புறம்?"

"பந்த தூக்கிப் போட்டாங்க ண்ணே."

"நான்?"

வலது காலைச் சொல்ல வாய் வரவில்லை.

"நின்னீங்க ண்ணே."



"நீ பாக்கல தம்பி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றார். ஊன்றித் திரும்பக் கால் இல்லாமல், பாதியிலேயே நின்றுவிட்டார்.