கை தட்டாதவள்

பத்திரிகைக்காரர்கள் உட்காரும் மாடத்தில் ஒரே ஒரு சட்டம்தான்: யாரும் கை தட்டக்கூடாது. எங்கள் ஊர் ஹெரன்ஸ் அணி ஜெயித்தாலும் சரி, மண்ணைக் கவ்வினாலும் சரி. ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரில் பாதி ஆயுளைப் பேஸ்பால் எழுதியே கழித்தேன், ஒருமுறைகூடத் தட்டியதில்லை. பிறகு பத்திரிகையை இழுத்து மூடினார்கள். அணியின் சொந்தத் தொலைக்காட்சியில் ஆட்டத்தை அலசும் வேலை கிடைத்தது. முதல் நாளே அணியின் சிவப்புச் சட்டையை நீட்டினார்கள். வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தேன், போடவில்லை.

"போட்டா என்ன, உடம்பு அரிக்குமா?" என்றார் பக்கத்து நாற்காலி கஸ். இதே அணியில் பந்து பிடிக்கும் கேட்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா லோர்னா, வாழ்க்கையில ஒரு பந்தாவது பிடிச்சிருக்கியா? பேச மட்டும் வந்துட்ட."

"சமைக்கத் தெரியாதவன் நாக்குல உப்பு கரிக்காதா, கஸ்?"

லீக் சுற்றின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. ஆட்டம் முடியும் தறுவாயில் சமனில் நின்றபோது எங்கள் ஆள் ஒரு பந்தை வானத்துக்கு அடித்தான். இடது ஓரத்து மஞ்சள் கம்பத்துக்கு உள்ளே போனால் வெற்றி, வெளியே போனால் ஒன்றுமில்லை. எங்கள் மேஜை அந்தக் கம்பத்துக்கு நேரே, திறந்தவெளியில். எல்லோரும் குதித்தார்கள். நான் உட்கார்ந்தபடியே பார்த்தேன். பந்து வெளியேதான் போனது. நடுவர் உள்ளே என்று கையைச் சுழற்றினார். மறுபார்வையில் தெளிவான படம் இல்லை என்று அதையே உறுதி செய்துவிட்டார்கள்.

ஆனால் எங்களிடம் படம் இருந்தது. ரசிகர்களின் முகங்களைக் காட்டுவதற்காகக் கம்பத்துக்குப் பின்னால் வைத்திருந்த கேமரா அதைப் பிடித்திருந்தது. தயாரிப்பாளர் வெண்டல் என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு, அதை ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டுத் திரையை அணைத்தான்.

"இது வெளிய போகக்கூடாது. முதலாளி மேல மாடத்துல இருக்காரு. நாளைக்கு உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா? சட்டையைப் போட்டுக்கிட்டு ரெண்டு தட்டு தட்டு, போதும்."

பயமாகத்தான் இருந்தது. இந்த வயதில் இன்னொரு வேலைக்கு யார் கூப்பிடப்போகிறார்கள்? ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. மேஜைக்குத் திரும்பினேன். கேமராவில் நேரலைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஹெரன்ஸ் இன்னும் ஜெயிக்கல," என்றேன். "பந்து வெளிய போச்சு. அதுக்கு எங்ககிட்டயே படம் இருக்கு."

காதுக்குள் வெண்டல் கத்தினான். காதுக்கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். "கஸ், நீங்க பந்து பிடிச்ச ஆளு. சொல்லுங்க, எங்க போச்சு?"

கஸ் தன் சிவப்புச் சட்டையை ஒருதரம் குனிந்து பார்த்தார். "பாக்கல," என்றார் மெதுவாக. "குதிச்சிட்டு இருந்தேன்."

அதோடு விளம்பரம் வந்துவிட்டது. வெண்டல் முகம் சிவக்க ஓடிவந்தான். "கிளம்பு! சட்டையைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடு."

"இருடா," என்று எழுந்தார் கஸ். "முதல்ல எனக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டு."

வெண்டல் அசையவில்லை. அதுவே கஸுக்குப் பதிலாக இருந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

நான் மேஜைக்கு அடியிலிருந்து, உறைகூடப் பிரிக்காத அந்தச் சட்டையை எடுத்தேன். உறையைக் கிழித்து, உதறி, என் நாற்காலி முதுகில் மாட்டினேன்.

"இனிமே இது உட்காரட்டும், வெண்டல்," என்றேன். "இது எதையும் பாக்காது. பாத்தாலும் சொல்லாது."